லீலாபாயின் இடது கால் விஷயமாக

மார்த்தாண்டத்துக்கு மேற்கே, ரப்பர் விளை வீடு.
மழை கொஞ்சம் விட்ட சனிக்கிழமை.

வளைந்த முதுகுகளை நிமிர்த்தியும், மடங்காத முட்டுகளை மடக்கியும், மஸ்கட் மாநகரத்தையே நடமாட வைத்துக்கொண்டிருக்கும் பிசியோதெரபி மேதையும், கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மருமகளுமான ஷைஜாவுக்கு, அவளுடைய ஒரே தாய்மாமனும், அரை ஏக்கர் ரப்பர் விளையின் ஏகச் சக்கரவர்த்தியும், அவளாலேயே பாதுகாப்பு அதிகாரியாக நியமனம் செய்யப்பட்டு அவளாலேயே பதவி பறிக்கப்பட்டவனுமாகிய சத்தியநேசன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

ஆண்டவருடைய கிருபையால் இங்கே நான் சுகம். ரப்பர் மரங்கள் சுகம், மழையினால் பால் வெட்டுதான் இல்லை. உன் அம்மாவின் வலது கால் பரிபூரண சுகம். இடது காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்க, வாட்ஸ்அப் இருக்க, இந்த மாமன் ஏன் பேனா பிடித்தான் என்று நீ கேட்பாய். உன்னுடைய கடைசி வாய்ஸ் மெசேஜை முதலில் நின்றுகொண்டு கேட்டேன், அப்புறம் உட்கார்ந்து கேட்டேன், அப்புறம் படுத்துக்கொண்டு கேட்டேன். "மாமா, இனி நீங்க ஒரு கதையும் பறயாண்டாம். லீவுக்கு எழுதியாச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு. வந்து அம்மாவ இங்கோட்டுக் கூட்டிட்டு வந்திருவேன். வீட்டப் பூட்டி சாவிய உங்க கையில தந்திருவேன். அந்த ஸ்டெப்பரத் தூக்கித் தூர எறிங்க." இப்படிப்பட்ட தீர்ப்புக்கு வாயால் அப்பீல் போட முடியுமா? உன் அம்மாவே சொல்லிவிட்டாள்: "லே நேசா, நீ வாயால சொன்னா அவ நம்பமாட்டா, உனக்க வாய் அப்பிடி. எழுதிக் குடு. எழுத்துன்னா ஒரு மரியாதை உண்டும்." ஆகவே, லீவு முடிந்து மஸ்கட்டுக்கே திரும்புகிற எதிர்வீட்டு பிபின் கையில், நேந்திரங்காய் சிப்ஸுக்கும் தேங்காய்ப்பட்டணத்து நெத்திலிக் கருவாட்டுக்கும் நடுவில் இதை வைத்து அனுப்புகிறேன். மணம் அடித்தால் அது கருவாட்டினுடையது. என் எழுத்துக்கு அந்தப் பழி வேண்டாம். உன் அம்மா இப்போது எதிரே, கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாக வாங்கிக் கண்ணாடி போட்டு வாசித்துத்தான் தருகிறாள். அதனால் இதில் பொய் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அவள் ஒப்புக்கொண்ட பொய்யாகத்தான் இருக்கும்.

முதலில் மஸ்கட் விஷயம். போன தடவை நீ கூட்டிக்கொண்டு போனபோது அந்தப் பதினொன்றாம் மாடியில் உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? நீயும் மாப்பிள்ளையும் டியூட்டிக்குப் போனபிறகு ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிர்க் கட்டடத்து ஏசி மெஷின்களுக்கெல்லாம் நம் சபைக் கமிட்டிக்காரர்கள் பேரை வைத்து, எது சும்மா சத்தம் போடுகிறது, எது ஒரு வேலையும் செய்யாமல் தண்ணீர் ஒழுக்குகிறது என்று பார்த்துப் பார்த்துப் பொழுதைக் கழித்தாள். அங்கே அவளோடு பேசியது லிஃப்டுக்குள் இருக்கிற பொம்பளைக் குரல் ஒன்றுதான். அதுவும் மாடி நம்பரைத் தவிர வேறொன்றும் பேசாது. இங்கேயோ காலையில் ஹாலில் பத்துப் பன்னிரண்டு பொம்பளைகள் கூடி, ஏறி, இறங்கி, மூச்சு வாங்கி, ஊர் நியாயம் பேசி, சாயா குடித்துப் பிரிகிறார்கள். அவளை இதிலிருந்து பிடுங்கி அங்கே நடுகிறேன் என்கிறாய். நடு, மகளே. ஆனால் நட்டது பிடிக்குமா என்று ஒரு வாட்டி யோசித்துக்கொள்.

இனி அந்த விபத்து நடந்த விதம். ஆதியிலிருந்து சொல்கிறேன்.

உன் கார்கோ பெட்டி வந்தது. பால்பவுடர், தைலக்குப்பி, பேரீச்சம்பழம் எல்லாம் எடுத்தபிறகு அடியில் ஒரு நீளப் பலகையும் பிளாஸ்டிக் கட்டைகளும் கிடந்தன. மீன் பெட்டிக்கு மூடி அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்தேன். பிறகுதான் உன் மெசேஜ் வந்தது, அதன் பேர் ஸ்டெப்பராம். அம்மாவுக்கு சுகர், முட்டு வேதனை, தினமும் பாட்டு வைத்துக்கொண்டு இந்தப் பலகையில் ஏறி இறங்க வேண்டும், மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஒரே ஆச்சரியம். பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கிற மரப்படியாவது ஏற ஏற ஒரு மாடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இது ஏறினால் இறங்கவேண்டியது, இறங்கினால் ஏறவேண்டியது. ஒரு இடத்துக்கும் போகாத படிக்கட்டுக்குக் காசு கொடுக்கிற ஜனம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நான் ரப்பர் வைத்தே இருக்கமாட்டேன்.

நீ தெளிவாகத்தான் சொன்னாய்: "முதல்ல அடிக்கட்டை ஒண்ணும் வைக்காண்டாம். வெறும் பலகை மட்டும். பழகினபொறவு உயரம் கூட்டலாம்." நான் அதை அப்படியே எடுத்துச் சொன்னேன். உன் அம்மா கேட்டாளா? "எனக்க பிள்ள அந்த வெயிலுல கெடந்து சம்பாதிச்சு அனுப்பினது. பாதிய வெளியில வச்சா அவளுக்கு என்ன தோணும்?" என்று இருக்கிற கட்டை அத்தனையையும் அடியில் கொடுத்து, பலகையை அதன் பரமபதத்துக்கு உயர்த்திவிட்டாள். நீ ஏசி ரூமில்தான் சம்பாதிக்கிறாய் என்று நான் எடுத்துக் காட்டவில்லை. காட்டினால் அன்றைக்குச் சாயா கிடையாது. அந்த உயரத்தை மனதில் வைத்துக்கொள், பின்னால் வேலை இருக்கிறது.

அடுத்து நீ சொன்னது, தரை வழுக்கக்கூடாது, அடியில் பிடிப்பான மேட் வேண்டும் என்று. உன் பணத்தில் போட்ட டைல்ஸ் எப்படி? அதில் முகம் பார்த்து நான் சவரம் பண்ணியிருக்கிறேன். மேட் வாங்க மார்த்தாண்டம் போவானேன், ரப்பர் ராஜா நான் இருக்கிறேனே என்று விளைக்குப் போய், கொடியில் காயக் கிடந்த ரப்பர் பால் ஷீட்டில் நல்லதாக நாலைந்தை உருவிக்கொண்டு வந்து பலகைக்கு அடியில் விரித்தேன். மழைக்காலம், ஷீட்டு பாதிதான் காய்ந்திருந்தது. அது ஒரு சின்ன விஷயம் என்று நினைத்தேன். உன் அம்மா ஏறி இறங்க ஏறி இறங்க, அந்த பாரத்தில் ஷீட்டு டைல்ஸைப் பிடித்தது, கட்டை ஷீட்டைப் பிடித்தது, மூன்றும் சேர்ந்து ஏகசரீரமாகிவிட்டன. நானும் இரண்டு ஆள்களும் கம்பிப்பாரை வைத்து நெம்பினோம். வீடு அசைந்தது, கட்டை அசையவில்லை. நாற்றமோ, அந்தப் பக்கம் போன மீன்காரனே மூக்கைப் பொத்திக்கொண்டு போனான். இதற்கிடையில் வீட்டுக் கூட்டம் நடத்த வந்த நம் போதகர் ஐயர், நடுஹாலில் ஒரு உயரப் பலகை ஆடாமல் அசையாமல் நிற்பதைக் கண்டு, தமக்காகவே கட்டின மேடை என்று எண்ணி, அதன் மேல் ஏறி நின்று பிரசங்கம் பண்ணினார். போகும்போது என் கையைப் பிடித்து, "நல்ல ஏற்பாடு சத்தியநேசன், எல்லா வீட்டிலயும் இப்படி ஒண்ணு இருந்தா கொள்ளாம்" என்றார். 

இந்த மேடைப் பிரசங்கத்தால் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. பெண்கள் சங்கத்தார் எல்லாரும், "லீலாக்கா, எங்களுக்கும் படிப்பிச்சுத் தாங்க" என்று வந்துவிட்டார்கள். பலகை ஒன்றுதானே? அதனால் அவரவர் வீட்டிலிருந்து, மீன் வெட்டும்போது உட்காருகிற கொரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொரண்டியில் ஏறி நின்றுபார், அது ஒரு காலை ஊன்றி மற்றக் காலைத் தேடும். ஒவ்வொரு பொம்பளையும் ஏறும்போது ஒரு ஊரில், இறங்கும்போது ஒரு ஊரில். உடுப்போ, நைட்டி, அதற்கு மேல் மரியாதைக்கு ஒரு துவர்த்துத் துண்டு. துவர்த்து தோளை விட்டு நழுவிக்கொண்டே இருக்கும், ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும், நைட்டி காலில் தட்டாமல் தூக்கிப் பிடிக்க இன்னொரு கை. பேலன்ஸுக்குக் கை வேண்டும் என்று நீ சொன்னாய். ஆண்டவர் மூன்றாவது கை கொடுக்கவில்லையே, என்ன செய்ய?

அப்புறம் ஷூ. வெறுங்காலில் ஏறக்கூடாது, பிடிப்புள்ள ஷூ போட்டால்தான் கணுக்கால் தாங்கும் என்றாய். எல்லாரும் மார்த்தாண்டம் மார்க்கெட்டில் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைக் கேன்வாஸ் வாங்கினார்கள். அரண்மனைக்குள் போவதென்றாலே செருப்பை வெளியே போட்டுவிட்டுத்தான் போகிறோம். லீலாபாயுடைய ஹாலுக்குள் ஷூ காலோடு நுழைய எவளுக்குத் தைரியம் வரும்? அதுவும் கூட்டம் நடக்கிற ஹால். கழற்றவும் கூடாது, அழுக்கோடு நுழையவும் கூடாது. கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாசலில் ஒரு வாளி வெள்ளம். ஒவ்வொருத்தியும் ஷூ போட்ட காலை வாளிக்குள் முக்கி, நன்றாக அலம்பி, சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்கள்! முதலில் வந்தது பக்கத்து வீட்டு சண்முகவடிவு. சர்ச்சுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் முட்டு வேதனைக்கு ஜாதி மதம் உண்டா? வாசல்படியில் வலது காலை வைத்தாள், அடுக்களையில் போய் நின்றாள். நடுவில் நடக்கவே இல்லை. "வந்ததே வந்தாச்சு" என்று அங்கேயே ஒரு சாயா போட்டுக் குடித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

இதையெல்லாம் தாண்டியும் ஒருத்தருக்கும் ஒரு கீறல் கிடையாது மகளே. அது என்னுடைய மேற்பார்வை.

இனி பாட்டு. நீ அனுப்பின அந்த இங்கிலீஷ் பீட்டை, கன்வென்ஷன் பந்தல்களில் முன்னால் நின்று பாட்டு நடத்துகிற நம் தேவகனி டீச்சர் ஒரு நிமிஷம் கேட்டாள். "இது என்ன லீலா, மோட்டாரு வெள்ளம் எடுக்காம வெறும கெடந்து ஓடுத சத்தம்? பாட்டுக்கு நான் இருக்கேன்" என்று தானே ஏற்றுக்கொண்டாள். தேவகனி ஸ்டெப் ஏறமாட்டாள். ஓரத்தில் நின்று கையைத் தட்டி, கண்ணை மூடிக் கோரஸ் பாடுவாள். நம்முடைய கோரஸ் எப்படி என்று உனக்குத் தெரியாதா? முதல் தடவை ஆடு மேய்க்கிற வேகம். இரண்டாம் தடவை சைக்கிள். அதற்குப் பிறகு களியக்காவிளைக்குப் போகிற பஸ். கடைசியில், திருவனந்தபுரத்துக்கு ஓடியும் நேரத்துக்குப் போய்ச் சேராத ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது, அத்தனை வேகம். "பாட்டு மெதுவா இருக்கணும், வேகம் கூடினா கால் முழுசாப் பலகையில பதியாது" என்று நீ சொன்னதை நான் கத்திக் கத்திச் சொன்னேன். கைத்தட்டலில் யாருக்குக் கேட்கிறது? கோரஸை நடத்துகிறவள் கையை உயர்த்துமுன் பாதியில் நிறுத்துகிற வழக்கமும் நம்மிடம் கிடையாது. டீச்சரோ கண் மூடிப் பரவசத்தில் இருக்கிறாள். முன்னால் பத்துப் பொம்பளைகள் துவர்த்தும் நைட்டியுமாக அரிசி ஆலை மாதிரிக் குலுங்குகிறது அவளுக்குத் தெரியாது. சண்முகவடிவு மட்டும் ஏறிக்கொண்டே, "டீச்சரே, இது எப்பம் தீரும்? எனக்கு அடுப்புல உலை கெடக்கு!" என்று விளித்தாள்.

அந்தத் திவ்ய நாளிலும் இப்படித்தான் கோரஸ் உச்சத்துக்குப் போய், சட்டென்று தீர்ந்தது. மேலே இருந்தவர்கள் மேலே, கீழே இருந்தவர்கள் கீழே. உன் அம்மா மேலே. முடிந்த உடனே அப்படியே நிற்கக்கூடாது, கீழே இறங்கிப் பைய நடந்து மூச்சை ஆற்ற வேண்டும் என்று நீ சொன்னதை நான் ஞாபகப்படுத்த வாயைத் திறந்தேன். டீச்சர் முந்திக்கொண்டாள். "மூச்ச ஆத்துததுக்கு ஜெபத்த விட நல்லது உண்டுமா அண்ணே? எல்லாரும் அப்பிடி அப்பிடியே நின்னு கண்ண மூடுங்க, ஜெபிப்போம்."

தேவகனி டீச்சருடைய ஜெபம் உனக்குப் பழக்கம்தானே. முதலில் வீடு, பிறகு ஊர், பிறகு தாலுகா, பிறகு விமானம் ஏறும். குவைத்தில் இறங்கி அங்கே இருக்கிற நம் பிள்ளைகளைப் பேர்பேராகச் சொல்லி, பஹ்ரைன் போய், தோஹா போய், துபாயில் ஒரு சுற்றுச் சுற்றி, வேலை போனவனுக்கு வேலை, விசா கிடைக்காதவனுக்கு விசா எல்லாம் வாங்கிக் கொடுத்து, கடைசியில் மஸ்கட்டில் வந்து இறங்கிற்று. உன் அம்மா அத்தனை நேரமும் அந்த உயரத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கால் மரத்துப்போய் நிற்கிறாள். படியில் நிற்கிறோம் என்பதே மறந்தாயிற்று. உன் பேர் வந்தது. உனக்காக டீச்சர் ஒரு காரியம் கேட்டாள். என்ன காரியம் என்று எழுதக்கூடாதாம், எதிரே இருந்து உன் அம்மா கண்ணை உருட்டுகிறாள், ஆகையால் எழுதவில்லை. அந்தக் காரியத்தைக் கேட்டதுமே உன் அம்மா, ஜெபம் முடியவில்லை, டீச்சர் மூச்சுகூட விடவில்லை, வீடு அதிரும்படி "ஆமென்!" என்று சொல்லி, கண்ணைத் திறக்காமலே, தரையில் நிற்கிறோம் என்ற விசுவாசத்தில் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். விசுவாசம் இருந்தது. தரைதான் இல்லை.

"தொப்" என்று ஒரு சத்தம். யாராவது கண்ணைத் திறந்தார்களா? ஜெபம் முடியாமல் எப்படித் திறப்பது? டீச்சர் மஸ்கட்டை விட்டுவிட்டுக் கடலில் போகிற கப்பல்காரருக்காக ஆரம்பித்துவிட்டாள். உன் அம்மாவே தரையில் கிடந்த கிடையில் கண்ணைத் திறக்கவில்லை என்றால் பார். சண்முகவடிவு மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து, குனிந்து, குசுகுசுவென்று கேட்டாள்: "யக்கா, விழுந்திட்டியளா, இல்ல இதும் ஒரு ஸ்டெப்பா?"

"பேசாம இரி பிள்ளே, ஜெபம் முடியட்டும்" என்றாள் உன் அம்மா.

மாமா, எல்லாரும் கண்ணை மூடியிருந்தால் இதையெல்லாம் நீர் எப்படிப் பார்த்தீர் என்று நீ கேட்பாய். தேவகனி டீச்சரும் அதையேதான் கேட்டாள். "அப்பம் அண்ணன் ஜெப நேரத்துல கண்ணத் தொறந்துதான் இருந்திய, என்னா?" பாதுகாப்பு அதிகாரி கண்ணை மூடினால் பதவிக்கு இழுக்கு என்றேன். "கண்ணத் தொறந்திருந்தவரு கையையும் நீட்டிப் பிடிச்சிருக்கலாமே" என்றாள் உன் அம்மா தரையில் இருந்தபடி. நான் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினேன்.

இடது கணுக்கால் பிசகியிருந்தது. உன்னைக் கேட்டால் ஐஸ் என்பாய், எக்ஸ்ரே என்பாய். அதனால் கேட்காமல், சுளுக்கெடுத்துக் கட்டுப் போடுகிற பகவதியப்பன் ஆசானைக் கூட்டிவந்தேன். அவர் எண்ணெய் போட்டு, "இந்தாருங்கோ, அந்தா பாருங்கோ, அங்க ஒரு கிளி" என்று உன் அம்மாவை ஜன்னல் பக்கம் பார்க்கவைத்து காலைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். கிளி இருந்ததோ இல்லையோ, உன் அம்மா போட்ட சத்தத்தில் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் இருந்த கிளிகளெல்லாம் பறந்தன. பிறகு துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். கால் கொஞ்சம், கட்டு நிறைய. அந்தக் கட்டு என்னுடைய கலைக் கண்ணில் பட்டது. போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன். சும்மா போட்டால் யார் பார்ப்பார்கள், இரண்டு வார்த்தை நல்லதாக எழுதினேன்: "நம் குடும்ப விளக்கு லீலாபாய் உயரத்திலிருந்து வீழ்ந்தார்." இதில் என்ன தப்பு? உயரம் உண்மை, வீழ்ச்சி உண்மை. அதற்குள் பஹ்ரைனிலிருந்து உன் சித்தப்பா மகன் ரெனிஷ் போன் போட்டு, "மாமா, அடக்கம் எப்ப? லீவு கேக்கணும்" என்கிறான். உன் அம்மா போனைப் பிடுங்கினாள். "நான்தாம்லே பேசுதேன். அடக்கத்துக்கு நேரம் குறிச்சா உனக்கு நானே விளிச்சுச் சொல்லுதேன், வை."

அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் நீயும் பதறி, வெப்ராளப்பட்டு டிக்கெட் போட்டாய். ஆக, உன் அம்மாவை மஸ்கட்டுக்குத் தள்ளப்போவது அந்தப் பலகை இல்லை. என்னுடைய இரண்டு வார்த்தை. அதனால்தான் இப்போது இவ்வளவு வார்த்தை போட்டு இழுக்கிறேன்.

இனி இப்படி நடக்காது. பலகையைக் கட்டைகளிலிருந்து கழற்றித் தரையில் வெறுமனே போட்டாகிவிட்டது, நீ முதலில் சொன்ன அதே உயரம். கட்டைகள் ஹாலில் ஒட்டினது ஒட்டினபடி நிற்கின்றன, மேலே ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறோம், பார்க்கிறவர்கள் டிசைன் என்கிறார்கள். என் ஷீட்டுகளை இனி யாரும் கேட்கப் போவதில்லை, சுற்றி விரிக்க ஒழுங்கான மேட் வாங்கியாயிற்று. கொரண்டியெல்லாம் மீன் வெட்டத் திரும்பிப் போயிற்று. தச்சனிடம் சொல்லி ஆடாத பலகைகள், ஓரம் வழுக்காமல் வரி வெட்டிச் செய்யக் கொடுத்திருக்கிறோம். ஷூவைப் பையில் கொண்டுவந்து உள்ளே வைத்துப் போட வேண்டும், வாளியை நானே ஒளித்துவைத்தேன். துவர்த்துக்கு இரண்டு தோளிலும் ஊக்கு. டீச்சர் கோரஸை ஒரே வேகத்தில் பாடுவதாகச் சம்மதித்திருக்கிறாள். பாவம், அந்த வேகத்தை அடக்குவதற்கு அவள் படுகிற பாடு நம்முடைய எல்லாருடைய உடற்பயிற்சியையும் விடப் பெரிசு. ஜெபம் உண்டு, ஆனால் எல்லாரும் இறங்கி, நடந்து, மூச்சை ஆற்றி, நாற்காலியில் உட்கார்ந்த பிறகு. உன் அம்மா இப்போதைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து அதிகாரம் மட்டும் பண்ணுகிறாள். காலை நீ தினமும் வீடியோவில் பார்க்கிறாய், "வீக்கம் நல்லா குறைஞ்சிருக்கும்மா" என்று நீயே வாயால் சொன்னாய்.

அப்புறம் ஒன்று கேள். முன்பெல்லாம் சர்ச் நடைப்படி ஏறும்போது அவள் என் தோளைப் பிடித்துத்தான் ஏறுவாள். விழுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? நான் பாதி நடையில் நின்று மூச்சு வாங்குகிறேன், அவள் மேலே போய் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "லே நேசா, வாறியா, இல்ல தூக்குததுக்கு ஆள விடட்டா?" என்கிறாள். சபையே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று, ஆனால் அவள் அப்படி நின்ற நிற்பைப் பார்த்தபோது கிடைத்தது அதைவிட அதிகம். அந்த நிற்பு பதினொன்றாம் மாடி ஜன்னலோரத்தில் கிடைக்காது மகளே. டிக்கெட்டைத் திருப்பிக் கொடு. நீ அங்கே இரு, அவள் இங்கே ஏறி இறங்கட்டும். இதுவே உன் அம்மாவின் விண்ணப்பமும், பதவியிழந்த அதிகாரியின் விண்ணப்பமும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. அவருக்கு முதுகு வேதனை என்றால் உன்னிடம் காட்டாமல் ஆசானுக்கு ஒரு போன் போடச் சொல். உன் கையின் வேலைகளையும், உன் கையில் அகப்படுகிற முதுகுகளையும் கர்த்தர் ஆசீர்வதித்து, இரண்டையும் ஒடியாமல் காப்பாராக. உன் பாத்திரம் நிரம்பி வழியட்டும், கொஞ்சம் இந்தப் பக்கமாகவும் வழியட்டும்.

இப்படிக்கு,
கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கிற உன் மாமன்,
சத்தியநேசன்.

பி.கு: மேலே இருப்பது உன் அம்மா வாசித்து முத்திரை குத்தினது. இதை பிபின் வீட்டு முற்றத்தில், ஸ்கூட்டர் சீட்டில் வைத்து எழுதுகிறேன். உள்ளே அவன் பெட்டி கட்டுகிறான், எனக்கு நேரம் இல்லை. உன் அம்மாவின் கால் சுகமாகி எவ்வளவோ நாளாயிற்று. ஆசான் அவிழ்த்துவிட்டுப் போன கட்டை அவளே சுற்றிக்கொண்டிருக்கிறாள். காலையில் அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு எல்லாருக்கும் முன்னால் ஸ்டெப் ஏறுவாள், நீ கூப்பிடுகிற நேரம் நெருங்கும்போது ஓடி வந்து சுற்றுவாள். ஏன் அக்கா இந்த வேஷம் என்றேன். "லே, முன்ன ஞாயித்துக்கெழமை ஒரு விளி. அதும் 'சுகந்தானம்மா, வைக்கட்டா'ன்னு. கட்டு வந்தபொறவு தெனமும் விளிக்குதா. கட்ட அவுத்தா விளியும் நின்னு போவும்லா" என்றாள். அன்றைக்கு டீச்சர் உனக்காகக் கேட்ட காரியமும் அதுதான்: "ஷைஜா மகளுக்கு அம்மைகிட்ட பேச நேரம் குடும்." அதற்குத்தான் அந்த ஆமென். கேட்டது கிடைத்துவிட்டது, கூடவே கேட்காத டிக்கெட்டும் வந்துவிட்டது, அவள் பயந்து கிடக்கிறாள். ஆகவே டிக்கெட்டைத் திருப்பிக் கொடு என்று எழுதினதை அடித்துவிடு. வா. வந்து, அவளோடு பக்கத்தில் நின்று ஏறி இறங்கு, போகும்போது உன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போ. இன்னொன்று, போன வாரம் அவசரத்தில் அவள் மாற்றிச் சுற்றிவிட்டாள். அன்றிலிருந்து கட்டு வலது காலில் இருக்கிறது. நீ பெரிய பிசியோ, அந்தக் காலைப் பார்த்துத்தான் வீக்கம் நல்லா குறைஞ்சிருக்கு என்றாய். மஸ்கட் ஜனங்களை நினைத்தால் எனக்கு வெப்ராளமாக இருக்கிறது. இதெல்லாம் தெரிந்தது என்று நீ காட்டிக்கொள்ளாதே, நாளைக்கும் அதே நேரத்துக்குக் கூப்பிடு. திரும்பவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆக்கினாயானால், அடுத்த போட்டோவில் கட்டு கழுத்தில் இருக்கும். எழுத்து என்னுடையதாக இருக்கும்.